மைசூரில் மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன ஆபரேசன்

செல்வராசு மாப்பிள்ளை ஆறடி உயரம். முரண்டு பிடிக்கும் காளையைக் கொம்பைப் பிடித்து ஓரங்கட்டி நிறுத்துகிறவர். அப்படிப்பட்டவர் மைசூர் பேருந்தின் ஜன்னலோரத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு என்னைச் சுரண்டினார்.

"மச்சானுங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. கத்தி கெடையாதுன்னுதானுங்க சொன்னாங்க?"

"கத்தியுங் கெடையாது, தையலுங் கெடையாதுங்க."

"அப்பறம் எதுலதானுங்க பண்ணுவாங்க?"

நான் கோபிசெட்டிபாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவன். மனிதர்களைப் பிரித்துப் பார்த்துப் பழக்கமில்லை. "போனாத் தெரிஞ்சிட்டுப் போவுதுங்க" என்றேன். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். மாப்பிள்ளை உடனே ஜன்னலுக்கு வெளியே கரும்புக்காட்டை ஆராயத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை என் தங்கை கலாமணியின் கணவர். கர்நாடகத்தில் ஹனூருக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிறார். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் என் தங்கைக்கு ரத்தம் நிற்காமல் போய், ஆம்புலன்ஸில் ஊர் ஊராகக் கொண்டு ஓடி, எப்படியோ பிழைத்து வந்தாள். இன்னொரு பிரசவம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசன் செய்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது மாப்பிள்ளை மறுத்துவிட்டார். "அவ பட்டது போதுமுங்க. இனி அவ மேல ஒரு ஊசி படக்கூடாது. நான் பண்ணிக்கறேன்" என்று எனக்குப் போன் செய்தார். ஹனூர்ச் சந்தையில் ஒரு ஜீப் வந்து மைக்கில் அறிவித்துவிட்டுப் போனதாம். நாடு முழுக்கக் கிளைகள் வைத்து, குடும்பக்கட்டுப்பாட்டுக்காகவும் பெண்கள் நலத்துக்காகவும் வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் ஜீப். அவர்களுடைய மைசூர் கிளினிக்கில் மாதம் ஒரு நாள் ஆண்களுக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

பக்கத்து டவுன் கொள்ளேகாலத்திலேயே செய்துகொள்ளலாம். ஆனால் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் நர்ஸ், மாப்பிள்ளையின் சின்னம்மா மகள். காலையில் போனால் மத்தியானம் ஊருக்கே தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, அவருடைய அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அத்தை கண்ணை மூடுவதற்குள் ஒரு பேரனைப் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனவே நாங்கள் மைசூருக்கு உழவு ஓட்டப் பழைய பவர் டில்லர் ஒன்றை விலை பேசப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கலாமணிக்கு மட்டும் உண்மை தெரியும். மாமியாருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நல்ல டில்லராப் பாத்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள்.

இப்படியாக, தங்கை வீட்டை விட்டால் வெளிமாநிலப் பயணம் என்று திருப்பதியோடு நிறுத்திக்கொண்டிருந்த நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூரில் போய் இறங்கினேன்.

இறங்கியதுமே ஒரு சிக்கல் தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க வெட்கம். எனக்கு வெட்கமே கிடையாது. ஆனால் கன்னடம் தெரியாது. மண்டி மொஹல்லாவில் நாங்கள் அறை எடுத்த விடுதி மேலாளர், "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். "டில்லர்" என்று நானும், "கல்யாணம்" என்று மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் சொன்னோம். மேலாளர் சாவியைக் கொடுத்துவிட்டு, நாங்கள் மாடி ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மண்டி மொஹல்லாவின் சந்துகளில் எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் பேச்சுவார்த்தை நடத்தித்தான் கடக்க வேண்டும். அதற்கு நடுவே ஆட்டோ, வெங்காய மூட்டை, வெல்லக் கடை, கோழிக் கடை. எங்கள் கோபியில் வழி கேட்டால் நீங்கள் யார், எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்து, கடைசியில் ஒரு சொந்தத்தையும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வழியைச் சொல்வார்கள். இங்கே கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ரகசியமாக வந்தவர்களுக்கு ஏற்ற ஊர் என்று மாப்பிள்ளை மனதாரப் பாராட்டினார்.

சாயங்காலம் மசால் தோசை சாப்பிட்டோம். உள்ளே சிவப்புச் சட்னி தடவி, மேலே வெண்ணெய்க் கட்டி உருகிக்கொண்டிருக்க, ஓரம் முறுகலாகவும் நடுவில் பஞ்சாகவும் ஒரு தோசை. சாம்பாரில்தான் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரா பாயசமா என்று முடிவு செய்வதற்குள் மாப்பிள்ளை மூன்றாவது தோசைக்குச் சொல்லிவிட்டார்.

"இனி இதெல்லாம் சாப்புட முடியுமோ என்னமோங்க" என்றார்.

"மாப்ளே, ஆபரேசன் வயித்துலயில்லீங்க."

"இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு நான்காவதாகக் காரப் பாத் என்ற மசாலா உப்புமாவும் வாங்கினார்.

இருட்டியதும் அரண்மனைப் பக்கம் போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கு போடுவார்களாம். ஆயிரக்கணக்கான ஜனம் இருட்டில் நின்றுகொண்டிருந்தது. சட்டென்று ஒரே நொடியில் அரண்மனை முழுக்கப் பொன்னாக எரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு "ஓ" போட்டார்கள். நானும் போட்டேன். வாழ்க்கையில் எத்தனையோ மோட்டாருக்குக் கரண்டு கொடுத்திருக்கிறேன், யாரும் எனக்காக ஒரு "ஓ" போட்டதில்லை. மாப்பிள்ளை வீடியோ காலில் குழந்தைகளுக்குக் காட்டினார். "அப்பா, அது யாரு ஊடு?" என்று பெரியவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தையின் முகம் திரை முழுக்க வந்தது.

"ஏண்டா, டில்லர் பாத்தியா?"

மாப்பிள்ளை திகைத்துப்போய்ப் போனை அரண்மனைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இதுக்குப் பின்னாடிதாம்மா கடை. நாளைக்குத்தான் தொறப்பாங்க."

அத்தை அரண்மனையைச் சற்று நேரம் பார்த்தார். "பெரிய கடையா இருக்கும்போல" என்றார்.

திங்கட்கிழமை விடிந்தது. வெறும் வயிற்றோடு வரவேண்டாம், லேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று கிளினிக்கில் போனில் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு மருந்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லி ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் கலகலப்பான ஆள். கண்ணாடியில் எங்களைப் பார்த்து, எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு என்ன உடம்புக்கு என்று கன்னடத்தில் கேட்டார். கிளினிக்கின் பெயரைச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பல்லு" என்றுவிட்டார்.

அக்கறையுள்ள மனிதர் அந்த ஓட்டுநர். "நம்ம பையன் ஒருத்தர் இருக்கார், தங்கமான கை" என்று சொல்லி இரண்டு சந்து திரும்பி ஒரு பல் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, தானே உள்ளே வந்து எங்களை ஒப்படைத்துவிட்டும் போனார். இளம் பல் டாக்டர். வாரத்தின் முதல் நோயாளி போலிருக்கிறது, அத்தனை சந்தோஷமாக வரவேற்றார். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். மாப்பிள்ளையோ வெட்கத்தில் போய் அந்தச் சாய்வு நாற்காலியில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துவிட்டார்.

டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். மாப்பிள்ளை வாயைத் திறந்தபடியே எனக்கு மொழிபெயர்த்தார். "ஆஹ்... ஒரு பல்லு சொத்தையாமுங்க. இன்னைக்கே புடுங்கிரலாங்கறாரு."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். "நாளைக்கு" என்று எனக்குத் தெரிந்த ஒரே கன்னடச் சொல்லில் டாக்டரிடம் சொன்னேன். "நாளே, நாளே!" வெளியே வந்து ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கடைக்காரரிடம் அவரே போய்க் கிளினிக்கின் பெயரைத் தெளிவாகச் சொல்லி வழி கேட்டார். அடுத்த தெருவிலேயே இருந்தது.

கிளினிக் ஒரு பழைய மாடி வீடு. வாசலில் செம்பருத்தி. ஆஸ்பத்திரி வாசனையைவிடக் காப்பி வாசனைதான் முதலில் வந்தது. ஆலோசகர் மஞ்சுளா என்ற இளம்பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணாம். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசினாள்.

"ஹெதரபேடி அண்ணா, பயமே வேணாம். நோடி, இங்க பாருங்க, இது ரொம்ப சிக்க, சின்ன ஆபரேசன். அந்த எடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவாங்க. சின்னதா ஒரு துளை. அதுல அந்த ரெண்டு குழாயையும் அடைச்சிடுவாங்க. அஷ்டே, அவ்வளவுதான். சாயங்காலம் நடந்து போகலாம்."

மேசையில் அந்த உறுப்புகளை ரப்பரில் செய்த மாதிரி வடிவம் ஒன்று இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று அவள் பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கவனித்தோம். "அண்ணா, ஃபேன்ல ஒண்ணும் இல்ல, இங்க பாருங்க" என்றாள்.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்பறம்... தெம்பு கொறைஞ்சிருமுங்களா? மூட்டை தூக்கறது, அப்பறம்... மத்தது?"

"ஒரு வாரம் மூட்டை தூக்காதீங்க. அப்பறம் எல்லாம் முந்தி மாதிரியே. மத்ததும் முந்தி மாதிரியே" என்று அவள் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள். "ஆனா உடனே பலிக்காது, தெரிஞ்சுக்கோங்க. மூணு மாசம் ஆணுறை உபயோகிக்கணும். அப்பறம் வந்து டெஸ்ட் பண்ணி, சரின்னு நாங்க சொன்ன மேலதான் நிம்மதி."

பிறகு பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப ஒண்ணு கேக்கறேன். யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா? இந்த அண்ணா?" என்று என்னைப் பார்த்தாள். "இதை மறுபடி மாத்தறது ரொம்பக் கஷ்டம். உங்க மனசாரச் சொல்லணும். இப்ப எந்திரிச்சுப் போனாலும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

மாப்பிள்ளை பேச ஆரம்பித்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"ரெண்டாவது புள்ளைக்கு ஆம்புலன்ஸ்ல வந்தமுங்க. இதே மைசூருக்குத்தான். நான் புடிச்சிட்டிருந்த அவ கை சில்லுனு ஆயிட்டே வந்துச்சுங்க. தேய்க்கறேன், தேய்க்கறேன், சூடே ஏறல. அவ என்னையப் பாத்து, 'பெரியவளுக்கு நாளைக்கு ஸ்கூல்ல படம் புடிக்கறாங்க, ரிப்பன் பீரோவுல இருக்குது'ங்கறா. சாவப்போறம்னு நெனச்சிட்டு அதைச் சொல்றாளுங்க." நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "என்னைய யாரும் கூட்டிட்டு வரலீங்க. நாந்தான் எங்க மச்சானைக் கூட்டிட்டு வந்தேன்."

இந்த ரிப்பன் கதை எனக்குத் தெரியாது. என் தங்கை என்னிடம் சொன்னதேயில்லை. நான் மறுபடியும் மின்விசிறியைப் பார்க்க வேண்டியதாயிற்று. மஞ்சுளா எழுந்துபோய் மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள்.

காத்திருக்கும் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மூலையில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். மூச்சு விட விட அதில் ஆவி படிந்தது. நர்ஸ் வந்து, "ஐயா, ஹெல்மெட் தெகீரி, ரத்தக் கொதிப்பு பாக்கணும்" என்றார். கையை நீட்டினாரே தவிர ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. காய்ச்சலும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் விடாப்பிடியாக நின்றதும் வேறு வழியின்றிக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு பெரிய முறுக்கு மீசை வெளியே வந்தது.

மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். "ரங்கண்ணா!"

"செல்வராசு!" என்றது மீசை.

ரங்கண்ணன் மாப்பிள்ளையின் ஊர்க்காரர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற ஆண்களையெல்லாம் கேலி செய்வதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்க முடியாது. அந்த அறைக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வரமுடியும்.

கடைசியில் ரங்கண்ணன்தான் பேசினார். "நாலு புள்ளை ஆயிப்போச்சு. அவ சொல்லிட்டா, 'ஒண்ணு ஆபரேசன் பண்ணிட்டு வா, இல்லீன்னா மாட்டுக் கொட்டாயில படு'ன்னு. நானும் ரோசத்துக்கு மாட்டுக் கொட்டாயில படுத்துப் பாத்தேன். முடியலடா. கொசு."

அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் ரகசியம் என்று எதுவும் மிஞ்சவில்லை. சந்தையில் ஜீப் வந்த அன்றைக்கே இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்து, ஒருவரிடம் ஒருவர் மறைத்து, ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ரங்கண்ணன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஊருக்குத் தெரியக்கூடாது. மாப்பிள்ளைக்கு ஊர் பரவாயில்லை, வீட்டுக்குத் தெரியக்கூடாது.

அப்போது கதவு திறந்து டாக்டர் வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடியும் பருத்திச் சேலையுமாக ஒரு அம்மா. "யார் முதல்ல?" என்று தமிழிலேயே கேட்டார். மாப்பிள்ளை ரங்கண்ணனைப் பார்த்தார். ரங்கண்ணன் என்னைப் பார்த்தார். "டாக்டரு... இவிங்கதானா?" என்று என் காதில் கேட்டார். "பொம்பளையா இருக்காங்களே!"

டாக்டரம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. "உங்க ஊர்ல எத்தனை ஆம்பளை டாக்டருங்க உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பிரசவம் பார்த்திருப்பாங்க? அவங்க வெக்கப்பட்டாங்களா? வாங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாப்பிள்ளை வேட்டியை இறுக்கிக்கொண்டு, சந்தையில் காளையை நோக்கிப் போகும் அதே நடையில் அவர் பின்னால் போனார்.

வெளியே ரங்கண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல இரும்புப் பிடி. உள்ளிருந்து அலறல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வந்ததென்னவோ பேச்சுச் சத்தம். மஞ்சள் விலை என்ன, இந்த வருஷம் மழை எப்படி என்று டாக்டரம்மா கேட்பதும், இடைத்தரகர்களைப் பற்றி மாப்பிள்ளை ஆத்திரமாகக் குமுறுவதும் கேட்டது. குமுறல் உச்சத்தில் இருக்கும்போதே கதவு திறந்தது. நடந்தே வெளியே வந்தார். காலை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்திருந்தார்.

"என்னடா ஆச்சு?" என்றார் ரங்கண்ணன்.

"முடிஞ்சுதாமுங்கண்ணா. வெலையப் பத்திப் பேசிட்டிருந்தேன், முடிஞ்சுதுங்கறாங்க. இன்னம் நான் பேசியே முடிக்கல."

அடுத்து ரங்கண்ணனும் உள்ளே போய்ப் பண்ணிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை இருவருக்கும் முழு ஓய்வு என்பது உத்தரவு. ரங்கண்ணன் பைக்கில் வந்தவர். ஒரு வாரம் பைக் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால் வண்டியைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். இரண்டு விவசாயிகளைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பனிக்கட்டிப் பொட்டலத்தோடு ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு, ஊரில் எந்த நேரத்தில் யாருடைய தண்ணீர் முறை என்று கணக்குப் போட்டார்கள். நடுநடுவே பசித்தது. பிசிபேளே பாத் வாங்கி வந்தேன். அதன் மேல் தூவ காராபூந்தி மறந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். மைசூர்பாகு வாங்கி வந்தேன். எங்கள் ஊரில் மைசூர்பாகு என்று விற்பதை வைத்துச் சுவர் கட்டலாம். இது நாக்கில் பட்டதும் காணாமல் போயிற்று. நஞ்சன்கூடு வாழைப்பழம், சுருமுரி என்கிற மசாலாப் பொரி என்று அவர்கள் கடித்துக்கொண்டும் கொறித்துக்கொண்டும் கிடக்க, நான் மண்டி மொஹல்லாவின் அத்தனை சந்துகளையும் பாடமாக்கினேன். விடுதி மேலாளருக்கு நாங்கள் யார் என்பது இன்னும் பிடிபடவில்லை. "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். "முடிஞ்சுதுங்க, மாப்பிள்ளை படுத்திருக்காரு" என்றேன்.

சாயங்காலம் ரங்கண்ணன் தலையணையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். ஊரில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அவர் மாட்டுக்கு மருந்து வாங்க வந்தவர். நாங்கள் டில்லர் பார்க்க வந்தவர்கள், விலை ஒத்துவரவில்லை. வழியில் சந்தித்துக்கொண்டோம். எல்லாரும் தலையாட்டினோம்.

புதன்கிழமை கொள்ளேகாலம் வந்து ஹனூர் பேருந்தில் ஏறினோம். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கூட்டம். நிற்க இடமில்லை. கிளினிக்கில் கொடுத்த ஆணுறைப் பொட்டலங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரங்கண்ணன் ஹெல்மெட்டுக்குள் போட்டு, மேலே துண்டை அமுக்கி, மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தார். அவருக்கு எப்படியோ ஒரு இருக்கை கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தபடி நின்றார். ரங்கண்ணன் அதைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார். பொறுக்க முடியாமல், "நீ உக்காருடா" என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார்.

ஹெல்மெட் கவிழ்ந்தது. துண்டு ஒரு பக்கம் போயிற்று. பொட்டலங்கள் முன்னிருக்கைப் பெண்கள் மடியிலும், ஒரு வாழைத்தார் மீதும், நடத்துநரின் தோள்பையிலும் போய் விழுந்தன.

நடத்துநர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாருது?" என்று கன்னடத்தில் கேட்டார். அப்போதுதான் முன்னிருக்கையிலிருந்து ஒரு பெண் திரும்பினார். பால் சொசைட்டி சரசாக்கா. எங்கள் மாப்பிள்ளையின் பக்கத்து வீடு.

ரங்கண்ணனின் மீசை துடித்தது. டீக்கடை பெஞ்சில் இத்தனை வருஷம் சேர்த்துவைத்த மானமெல்லாம் வாழைத்தார் மீது கிடந்தது. நான் அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தினார்.

"என்னுதுதான்! நானும் இந்தச் செல்வராசும் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிட்டு வாரோம். ஆம்பளைங்கதான் பண்ணிருக்கோம், கேட்டுக்கங்க! அவனால நிக்க முடியல. யாராச்சும் எந்திரிச்சு எடங்குடுங்கப்பா!"

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் பேருந்து முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. கோயிலுக்குப் போகிற பேருந்தில் எதிர்பாராமல் இனிப்பு கிடைத்த மாதிரியான சிரிப்பு. மூன்று இருக்கைகள் ஒரே நேரத்தில் காலியாயின. "வலிச்சுதாப்பா?" "எங்க பண்றாங்க?" "எங்க ஊட்டுக்காரரு கரண்ட் ஆபீஸ்ல இருக்காரு, லீவு போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிருமா?" கேள்விகள் நாலா பக்கமிருந்தும் வந்தன. ஒரு பெண் கன்னடத்தில் தன் கணவரைப் பார்த்து ஏதோ சொல்ல, அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே கரும்புக்காட்டை ஆராயத் தொடங்கினார். ரங்கண்ணன் பேருந்தின் நடுவே உட்கார்ந்து, மஞ்சுளா சொன்னதையெல்லாம் மீசையை முறுக்கி முறுக்கி விளக்கிக்கொண்டு வந்தார். மூணு மாசம், டெஸ்ட், எல்லாம் சரியாகவே சொன்னார்.

சரசாக்கா சிரித்து ஓய்ந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

நிறுத்தத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கலாமணி, இடுப்பில் சின்னவள். ரங்கண்ணன் இறங்கியதும் எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து வேகமாக, ஆனால் காலை அகட்டியே, போய்விட்டார்.

"டில்லர் எங்கடா?" என்றார் அத்தை.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் நிமிர்ந்தார். "இன்னொண்ணுக்கு அவ தாங்கமாட்டாம்மா. எனக்கு அவ வேணும்."

அத்தையின் கண் கலங்கியது. ஆனால் குரல் ஏறியது. "ஏண்டா, எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல அவ தலை எம் மடியிலதான இருந்துச்சு? கைய நீ புடிச்சிருந்தா, தலைய யாரு புடிச்சிருந்தா?"

"அப்பறம் ஏம்மா பேரன் பேரன்னு..."

"ஆசைய வாயில சொன்னேன். அதுக்காக இவளைக் குடுத்துப்போட்டு வாங்குவனா? கேட்டிருந்தா நானே போயிட்டு வாடான்னு அனுப்பிருப்பேன். அரமணையக் காட்டி ஏமாத்திப்போட்டானே!" மருமகளைப் பார்த்தார். "நீயுந்தான. சிரிச்சிட்டே ஓடுனியே." கலாமணி இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கன்னத்தில் மட்டும் ஈரம். அவள் வந்து மாப்பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "கனமெல்லாம் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே" என்றாள். சின்னவள் அப்பாவிடம் தாவப் பார்த்தாள். "ஏறாத, ஏறாத! அப்பனுக்கு ஒடம்பு சரியில்ல" என்று அத்தை அதட்டி இழுத்துக்கொண்டார்.

வீட்டில் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தப்பித்தோம் என்று நான் இலையில் உட்கார்ந்தேன். குழம்பை ஊற்ற வந்த அத்தை கரண்டியை நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, உனக்கு எத்தனை புள்ளைங்க?"

"ரெண்டுங்க அத்தை. பையனொண்ணு, பொண்ணொண்ணு."

"இன்னம் வேணுமா?"

"அய்யோ, போதுமுங்க."

"அப்பறம் அத்தனை தூரம் போயி, நீ எதுக்கு வெளியில உக்காந்துட்டு வந்தே?"

சமையல்கட்டிலிருந்து என் தங்கை சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று உருண்டது. அத்தை தாராளமாகக் குழம்பை ஊற்றினார். "மொதல்ல சாப்புடு. அப்பறமா ரோசனை பண்ணு" என்றார்.

சாப்பிட்டேன். யோசனையும் பண்ணினேன். என் மனைவியிடம் போனில் சொன்னபோது அவள், "இதைத்தான் நானும் எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்" என்றாள். அடுத்த மாதம் மறுபடியும் மைசூர் போனோம். இந்த முறை வெளியில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை.